டிக்கியில் வைத்த இறக்கை

சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியவன் வாய்மை காத்தவன் ஆகிவிடுவானா? அறநூல்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இந்தக் கேள்விக்குக் கார் பந்தய வரலாறு ஒரு தெளிவான வழக்கைத் தந்திருக்கிறது. 1973-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 3.0 சி.எஸ்.எல். என்ற இரண்டு கதவு கூபே காரின் புதிய வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்பக்கத்தில் நிற்கவேண்டிய பெரிய இறக்கை, ஜெர்மனியில் அந்தக் காரை வாங்கியவர்களுக்கு டிக்கிக்குள் வைத்துக் கொடுக்கப்பட்டது. பந்தயக் காரில் உள்ள இறக்கை விற்பனைக் காருக்கும் உரியதாக இருக்கவேண்டும் என்றது டூரிங் கார் பந்தய விதி. அப்படிப்பட்ட இறக்கையோடு கார் தெருவில் ஓடக் கூடாது என்றது ஜெர்மன் சாலைச் சட்டம். இறக்கை காரோடு விற்கப்பட்டது, ஆனால் காரின்மேல் இல்லை. இரண்டு சட்டங்களும் காக்கப்பட்டன. அந்த ஆண்டு ஐரோப்பிய டூரிங் கார் பட்டத்தை வென்ற சி.எஸ்.எல்., 1975 முதல் 1979 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் மீண்டும் அதே பட்டத்தை வென்றது. அந்த வெற்றிகள் ஒரு சொற்புரட்டின் மேல் கட்டப்பட்டவையா, அல்லது விதிக்கு அளித்த நேர்மையான பதிலின் மேல் கட்டப்பட்டவையா என்று ஆராய்வது வாய்மையின் இயல்பையே ஆராய்வதாகும்.

டூரிங் கார் பந்தயம் பிற பந்தயங்களிலிருந்து மாறுபடும் இடம், அது பார்வையாளருக்கு அளிக்கும் ஒரு வாக்குறுதியில் இருக்கிறது. ஃபார்முலா பந்தயங்களில் ஓடும் வண்டி பந்தயத்துக்கென்றே பிறந்தது. அதை யாரும் வாங்கிக் கடைத்தெருவுக்கு ஓட்டிப்போக முடியாது, அப்படி முடியும் என்று யாரும் சொல்வதுமில்லை. டூரிங் கார் பந்தயமோ, இங்கே ஓடுவது நீங்கள் கடையில் வாங்கக்கூடிய கார்தான் என்று சொல்கிறது. இந்த வாக்குறுதியைக் காக்கத்தான் ஹோமோலகேஷன் என்ற ஒப்புதல் முறை உருவாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் குரூப் 2 என்ற பிரிவில் ஒரு காரை ஓட்டவேண்டுமானால், பன்னிரண்டு மாதங்களுக்குள் நான்கு இருக்கைகள் கொண்ட அந்தக் காரில் 1000 தயாரித்திருக்க வேண்டும். அதன் உறுப்புகள் எவை, அளவுகள் எவை என்று நிறுவனம் எழுதிக் கொடுக்கும் படிவத்தைச் சர்வதேச அமைப்பு சரிபார்த்து ஒப்புக்கொள்ளும். அந்தப் படிவம் ஒரு சத்தியப் பத்திரம்.

சி.எஸ்.எல். பிறந்த சூழலைப் பார்த்தால் அந்த இறக்கை ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். 1971-இலும் 1972-இலும் ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் ஃபோர்டு கேப்ரி ஓட்டியவர்களிடம் போனது. பி.எம்.டபிள்யூ.வின் பெரிய கூபே அழகான கார், ஆனால் எடை மிகுந்தது. ஃபோர்டின் பந்தயப் பிரிவை நடத்திவந்த யோஹென் நீர்பாஷ் 1972-இல் பி.எம்.டபிள்யூ.வுக்கு வந்தார். அந்த நிறுவனத்துக்கென்று தனிப் பந்தயப் பிரிவு அப்போதுதான் அமைந்தது. காரின் எடையைக் குறைக்க மெல்லிய எஃகுத் தகடும், அலுமினியக் கதவுகளும், அலுமினிய பானெட்டும் பயன்பட்டன. சத்தத்தைத் தடுக்கும் பொருள்கள் எடுக்கப்பட்டன. எடை குறைந்த காரை வேகத்தில் பின்பக்கம் காற்று தூக்கியது. அதைத் தரையோடு அழுத்தவே முன்பக்கக் காற்றுத்தடுப்பும், கூரையின் பின்விளிம்பில் ஒரு வளையமும், டிக்கியின்மேல் உயர்ந்து நிற்கும் இறக்கையும் வந்தன. 1973 ஜூலையில் நூர்பர்க்ரிங் ஆறு மணி நேரப் பந்தயத்தில் இந்த வடிவம் முதன்முறையாக ஓடியது. ஹான்ஸ் ஸ்டுக், கிறிஸ் ஏமன் இருவரும் ஓட்டிய சி.எஸ்.எல். வென்றது. அந்த ஆண்டின் பட்டம் சி.எஸ்.எல். ஓட்டிய டச்சுக்காரர் டோயினே ஹெசெமன்ஸுக்குக் கிடைத்தது.

எழுத்தைக் காத்து உண்மையைக் கைவிடுவது என்றதும் இந்திய மனம் நினைத்துக்கொள்ளும் நிகழ்ச்சி வியாச பாரதத்தின் துரோண பருவத்தில் இருக்கிறது. அசுவத்தாமன் என்ற பெயர்கொண்ட யானையைப் பீமன் கொன்றபின், அசுவத்தாமன் இறந்தான் என்று துரோணரிடம் சொல்கிறார் தருமர். யானை என்ற சொல்லை அவர் கேளாதவாறு தாழ்ந்த குரலில் சேர்க்கிறார். சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனாலும் அதுவரை நிலத்துக்கு நான்கு விரற்கடை மேலே மிதந்து சென்ற தருமரின் தேர் அப்போது தரையைத் தொட்டது என்கிறது இதிகாசம். பாண்டவர் பக்கத்து நியாயங்களை எவ்வளவோ விரிவாக எடுத்துச் சொல்லும் அந்த நூல், இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் விலக்குத் தரவில்லை. எழுத்தளவு உண்மை உண்மையாகாது என்று இதைக் கொண்டு முடிவு கட்டினால், டிக்கியில் வைத்த இறக்கைக்கும் அதே தீர்ப்பை எழுதிவிடலாம். பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள்.

அதே பாரதத்தின் கர்ண பருவம் நம்மை அப்படி நிற்கவிடுவதில்லை. தன் காண்டீவத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடு என்று எவர் சொன்னாலும் அவரைக் கொல்வதாக அர்ச்சுனனுக்கு ஒரு சபதம் இருந்தது. கர்ணனால் காயம்பட்டுப் பாசறையில் இருந்த தருமர், கோபத்தில் அந்தச் சொல்லையே சொல்லிவிடுகிறார். அர்ச்சுனன் வாளை உருவுகிறான். சபதத்தைக் காத்தால் அண்ணன் கொலை, அண்ணனைக் காத்தால் சபதம் பொய். கண்ணன் குறுக்கே வந்து ஒரு வழி சொல்கிறான்: மதிப்புக்குரிய மூத்தவரை மரியாதையின்றி முன்னிலையில் விளித்து இகழ்ந்தால், அது அவரைக் கொன்றதற்குச் சமம், அவ்வாறு செய், சபதம் நிறைவேறும். அர்ச்சுனன் அப்படியே செய்கிறான், பிறகு அண்ணனின் காலில் விழுகிறான். சபதம் எழுத்தளவில் காக்கப்பட்டது. இதைக் கயமை என்று பாரதம் சொல்லவில்லை, அறிவுடைமை என்று சொல்கிறது. இந்த இடத்தில்தான் கண்ணன் கௌசிகன் கதையையும் சொல்கிறான். உண்மை தவிர வேறு பேசுவதில்லை என்று நோன்பு பூண்ட அந்த முனிவன், தப்பி ஓடியவர்கள் போன வழியைக் கொள்ளையர்களுக்கு உள்ளபடி சொல்லி, அவர்கள் கொல்லப்படக் காரணமாகி நரகம் புகுந்தான். தருமரின் எழுத்தளவு உண்மை தாழ்ந்தது, அர்ச்சுனனின் எழுத்தளவு நிறைவேற்றம் உயர்ந்தது, கௌசிகனின் முழு உண்மையோ பாவமாயிற்று. ஆகவே எழுத்துக்கும் கருத்துக்கும் உள்ள தூரத்தை மட்டும் அளந்து வாய்மையைத் தீர்மானிக்க முடியாது.

இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது எது? சொல்லை நம்பி நிற்பவனைக் கணக்கில் எடுத்தால் விடை கிடைக்கிறது. தருமரின் சொல்லை நம்பி நின்றவர் துரோணர். அவர் அறியவேண்டிய ஒன்று அவரிடமிருந்து மறைக்கப்பட்டது, அந்த மறைப்பினால் அவர் ஆயுதத்தைக் கீழே வைத்தார், உயிரிழந்தார். அர்ச்சுனனின் செயலில் மறைப்பு இல்லை. எதைச் செய்கிறான், எதற்கு ஈடாகச் செய்கிறான் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். சபதத்தால் கேடடைய இருந்தவரும் காக்கப்பட்டார். கௌசிகன் எதையும் மறைக்கவில்லை, ஆனால் அவனிடம் அடைக்கலமாக இருந்த செய்தியின் உரிமையாளர்களை அவன் கைவிட்டான். திருவள்ளுவர் வாய்மையைச் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள பொருத்தமாக வரையறுக்காமல், பிறர்க்குத் தீங்கு தராமையாக வரையறுத்தது இதனால்தான் என்று கொள்ளலாம். அறிந்தே சொல்லும் பொய்க்குச் சொன்னவனின் மனத்தையே நீதிபதியாக அவர் அமர்த்துவதும் இதனோடு சேர்கிறது. இவற்றிலிருந்து இரண்டு சோதனைகளை வகுக்கலாம். சொல்லை நம்புகிறவன் அறியவேண்டியதை அறிய வழி இருந்ததா என்பது முதல் சோதனை. அந்தச் சொல் அவனுக்குத் தருவதாகச் சொன்னது அவனுக்குச் சேர்ந்ததா என்பது இரண்டாவது. இரண்டிலும் தேறுவதே வாய்மை.

இறக்கையை இந்தச் சோதனைகளுக்கு உட்படுத்துவோம். அது ஒப்புதல் படிவத்தில் இருந்தது. போட்டியாளர்களான ஃபோர்டு குழுவினர் அதைக் கண்ணால் பார்த்தார்கள். பந்தயப்பாதையில் அதைவிட வெளிப்படையான பொருள் வேறு இல்லை. பார்த்தவர்கள் அதற்கு விடையும் அளித்தார்கள். 1973 இறுதியில் ஃபோர்டு வெளியிட்ட கேப்ரி ஆர்.எஸ். 3100 காரின் டிக்கிமேல் எழுந்து நின்ற காற்றுத்தடுப்பு அந்த விடையின் ஒரு பகுதி. ஏமாற்றப்பட்டவனுக்கு விடையளிக்க வழி இருக்காது, ஏனென்றால் எதற்கு விடையளிப்பது என்றே அவனுக்குத் தெரியாது. இரண்டாவது சோதனையிலும் இறக்கை தேறுகிறது. காரை வாங்கியவர் கையில் உண்மையாகவே அந்த இறக்கை கிடைத்தது. காகிதத்தில் மட்டும் இருந்த பொருளன்று அது. பூட்டிக்கொள்ளலாம், தனியார் பந்தயப் பாதையில் ஓட்டலாம், அனுமதிக்கும் நாட்டில் தெருவிலும் ஓட்டலாம். பந்தயத்தில் ஓடும் இறக்கை உங்களுக்கும் கிடைக்கும் என்பதே வாக்குறுதி, அது நிறைவேறியது. அதை எந்தத் தெருவில் பூட்டலாம் என்பது வேறொரு அதிகாரத்தின் கட்டளை. இரண்டு கட்டளைகள் மோதும்போது இரண்டும் பிழைக்கும் பொருளைத் தேடவேண்டும் என்பது நம் மரபின் உரையாசிரியர்கள் கைக்கொண்ட முறை. நிறுவனம் செய்தது அதைத்தான். அர்ச்சுனனின் பக்கத்தில் வைக்கத்தக்க செயல் இது.

மறைப்பு இருந்தால் வழக்கு எப்படி மாறும் என்பதற்கு இன்னொரு கூபே காரின் வரலாறு சான்று. 1995-இல் உலக ராலிப் போட்டியில் ஓடிய டொயோட்டா செலிகா ஜி.டி.-ஃபோர், டர்போவுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் குறுகிய துவாரத்தோடுதான் ஓடவேண்டும் என்ற விதிக்கு உட்பட்டிருந்தது. பொருத்தி இறுக்கும்போது அந்தத் துவாரத்தைச் சுற்றி மேலும் காற்று புகும் வழி திறந்துகொள்ளுமாறும், சோதனைக்காகக் கழற்றும்போது அது தானாக மூடிக்கொள்ளுமாறும் அந்தக் காரில் ஓர் அமைப்பு இருந்தது ஸ்பெயின் ராலியின்போது வெளிப்பட்டது. குழுவின் புள்ளிகள் பறிக்கப்பட்டன; ஓராண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. அந்த அமைப்பின் வேலைப்பாடு வியக்கத்தக்கது. ஆனால் அதன் முழுத் திறமையும் ஒரே நோக்கத்துக்குச் செலவழிக்கப்பட்டது: பார்க்க உரிமையுள்ளவன் பார்க்கும்போது வேறொன்றைக் காட்டுவது. தருமரின் தாழ்ந்த குரலின் இயந்திர வடிவம் அது. சி.எஸ்.எல்.லின் இறக்கையையும் இதையும் விதியை வளைத்தல் என்ற ஒரே பெயரால் அழைக்கிறவர்கள் அறத்தின் அடிப்படை வேறுபாட்டை அழித்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு வலிமையான மறுப்பு எழும். வெளிப்படையாகச் செய்தால் தவறு சரியாகிவிடுமா, ஊரறியக் கொள்ளையடிப்பவன் நல்லவனா என்று கேட்கலாம். வெளிப்படைத்தன்மை தனியே நின்று எதையும் தூய்மைப்படுத்தாது என்பது உண்மைதான். அதனால்தான் இரண்டாவது சோதனை தேவைப்படுகிறது. ஆனாலும் வெளிப்படையின் மதிப்பைக் குறைத்து எடைபோட முடியாது. மறைக்கிறவன் தீர்ப்புச் சொல்லும் உரிமையைப் பிறரிடமிருந்து திருடுகிறான். வெளிப்படையாகச் செய்கிறவன் தன் செயலை அவர்களின் தீர்ப்புக்கு முன்னால் வைக்கிறான், அவர்கள் மறுத்தால் அதோடு அது முடிகிறது. 1960-களில் ஃபெராரி நிறுவனம் 250 எல்.எம். காரைத் தன் பழைய 250 ஜி.டி. காரின் தொடர்ச்சி என்று சொல்லி ஜி.டி. பிரிவில் ஒப்புதல் கேட்டது. இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த புதுக் கார் அது, போதிய எண்ணிக்கையில் தயாரிக்கப்படவும் இல்லை. அதிகாரிகள் பார்த்தார்கள், மறுத்துவிட்டார்கள். கோரிக்கை மிகையானது, ஆனாலும் யாரும் ஏமாறவில்லை. வெளிப்படையான மிகை திருத்தப்படக்கூடியது என்பதே அதற்கும் பொய்க்கும் உள்ள வேறுபாடு.

இதைவிடக் கடினமான மறுப்பு சி.எஸ்.எல்.லின் பின்னாளைய வரலாற்றிலிருந்தே வருகிறது. இறக்கையை ஏற்றுக்கொண்டால் இன்ஜினையும் ஏற்றுக்கொள்வீர்களா? 1973-இன் சாலைக் காரில் 3.2 லிட்டர் இன்ஜின் ஏறத்தாழ 206 குதிரைத்திறன் தந்தது. 1974 முதல் பந்தயக் காருக்கு வந்த 3.5 லிட்டர் இன்ஜின் சிலிண்டருக்கு நான்கு வால்வுகளோடு 400 குதிரைத்திறனைத் தாண்டியது. அந்த இன்ஜின் எந்தச் சாலை சி.எஸ்.எல்.லிலும் விற்கப்படவில்லை. 1975-இல் சி.எஸ்.எல். தயாரிப்பே நின்றுபோனது, ஆனால் பந்தயத்தில் அது 1979 வரை பட்டம் வென்றது. ஃபோர்டும் இதே காலத்தில் நான்கு வால்வு பந்தய இன்ஜினோடுதான் எதிர்த்து நின்றது; ஆகவே போட்டியாளர்களுக்கு அநீதி இல்லை. விதிகளும் இதை அனுமதித்தன. முதல் சோதனையில் எல்லாம் தேறுகிறது. இரண்டாவதில் தேறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பார்வை மேடையில் இருந்தவர் நம்பி நின்ற வாக்குறுதி, இது நீங்கள் வாங்கக்கூடிய கார் என்பது. அந்த இன்ஜினும், கடையில் இல்லாத அந்தக் காரும் அவருக்குச் சேரவில்லை. இந்தக் குறையை நிறுவனத்தின் தலையில் மட்டும் சுமத்துவது பொருந்தாது. வாக்குறுதியின் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உள்ளடக்கத்தை ஆண்டுதோறும் கரையவிட்ட விதியமைப்பே முதன்மையான பொறுப்பாளி. இறக்கையைக் காக்கும் வாதம் இன்ஜினைக் காக்காது, காக்கவும் கூடாது. எல்லாவற்றையும் நியாயப்படுத்தும் சோதனை சோதனையே ஆகாது.

அப்படியானால் பொருள்களை மாற்றுவதற்கு எல்லை எங்கே? இந்தக் கேள்வியை வேள்விச் சடங்கைப் பற்றி மீமாம்சகர்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஜைமினியின் சூத்திரங்களில் ஆறாம் அத்தியாயம், விதிக்கப்பட்ட பொருள் கிடைக்காதபோது அதன் இடத்தில் வைக்கும் பிரதிநிதியைப் பற்றிப் பேசுகிறது. நெல் கிடைக்காவிட்டால் காட்டில் தானாக விளையும் நீவார அரிசியைப் பயன்படுத்தலாம். ஆனால் தெய்வத்துக்கும், அக்கினிக்கும், மந்திரத்துக்கும், செயலுக்கும் பிரதிநிதி கிடையாது. பொருள் செயலை நிறைவேற்றும் கருவி. கருவி மாறினாலும் செயல் நிறைவேறலாம். யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவரை மாற்றிவிட்டால் செய்யப்படுவது வேறொரு செயல். இந்தப் பகுப்பு வேள்விச்சாலைக்கு வெளியேயும் செல்லும். டூரிங் கார் பந்தயத்தில் தகடும் கதவும் இறக்கையும் பொருள்கள். அவற்றை மாற்றலாம், கழற்றி வேறிடத்தில் வைத்துக்கூடக் கொடுக்கலாம். மாற்றக் கூடாதது, வாங்குகிறவருக்கும் ஓடுகிற காருக்கும் இடையே உள்ள உறவு. இறக்கையை டிக்கியில் வைத்தபோது அந்த உறவு அறுபடவில்லை. விற்கப்படாத இன்ஜினைக் காருக்குள் வைத்தபோது அது அறுபட்டது.

இந்த முடிவுக்குத் துணையாக வரலாறு இன்னொரு சான்றையும் தருகிறது. 1976 முதல் நடப்புக்கு வந்த குரூப் 5 விதிகள், சாலைக் காரின் வெளித்தோற்றத்தில் பானெட், கூரை, கதவு போன்ற சிலவற்றை மட்டும் காத்துக்கொள்ளச் சொல்லி மற்றவற்றில் பெரும் சுதந்திரம் அளித்தன. அவ்வாண்டு லே மான்ஸ் பந்தயத்தில், ஓவியர் ஃபிராங்க் ஸ்டெல்லா கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் வடிவமைத்த டர்போ சி.எஸ்.எல். சுமார் 750 குதிரைத்திறனோடு ஓடியது. சாலைக் காரிலிருந்து மிகத் தொலைவில் இருந்த வண்டி அது. ஆனால் அது முந்தைய ஆண்டுக் காரைவிட நேர்மை குறைந்தது என்று சொல்ல முடியாது. அந்தப் பிரிவு உருவ ஒற்றுமைக்கு மேல் எதையும் வாக்களிக்கவில்லை. வாக்களித்த அளவை அது தந்தது. பொய் எப்போதும் செயலுக்கும் உரிமைகோரலுக்கும் இடையே உள்ள இடைவெளியில் வாழ்கிறது. அந்த இடைவெளியை மூட இரண்டு வழிகள் உண்டு. செயலைச் சொல்லின் உயரத்துக்கு ஏற்றலாம். அது கைகூடாதபோது சொல்லைச் செயலின் அளவுக்கு இறக்கலாம். இரண்டாவது வழி வீழ்ச்சி போலத் தோன்றினாலும் அதுவும் வாய்மையின் வழியே.

விளையாட்டுக்கு இத்தனை அறவிசாரம் எதற்கு என்பது கடைசி மறுப்பு. கோடிக்கணக்கில் பணம் புரளும் வணிகப் போட்டியைப் பாரதத்தோடும் குறளோடும் சேர்த்துப் பேசுவது அவற்றைச் சிறுமைப்படுத்தாதா என்று கேட்பவர் உண்டு. ஆனால் வாய்மை வேறெங்கும் இவ்வளவு தனியாக நிற்பதில்லை. வயலில் ஒருவன் பொய் சொல்லி விளைவித்தாலும் விளைந்த நெல் நெல்தான், பசித்தவன் உண்ணலாம். பந்தயத்தில் வெற்றி என்ற பொருளே விதிகளால் ஆனது. விதியைப் பொய்யாக்கியவன் தகாத வழியில் வென்றவன்கூட அல்லன், அவன் வெல்லவே இல்லை. நேர்த்திக்கடனும் விரதமும் திருமண உறுதிமொழியும் இதே வகையைச் சேர்ந்தவை. சொல்லைத் தவிர அவற்றுக்கு வேறு உடம்பு கிடையாது. ஆகவே விளையாட்டில் கற்கும் பாடம் அங்கெல்லாம் செல்லும். கடனை எழுத்தளவில் கழித்துவிட்டேன் என்று சொல்பவரிடம், எழுத்தை ஏன் மீறினாய் என்றோ எழுத்துக்குள் ஏன் ஒளிந்தாய் என்றோ உடனே கேட்டுவிட வேண்டியதில்லை. உன் சொல்லை நம்பி நின்றவர் யார், நீ செய்ததை அவர் அறிவாரா, அவருக்கு உரியது அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கவேண்டும். இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தவர், விதி வகுத்தவரே எதிர்பாராத வழியில் தம் சொல்லை நிறைவேற்றியிருந்தாலும் வாய்மை உடையவரே.